தீவனம் மட்டும் போதாது மாப்ளே

தேவிபட்டினம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அம்மா உன்னைக் கேட்டாள். சேதுவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. பெண் யார் என்று எழுதினால் நம்பமாட்டாய், நேரில் வந்து தெரிந்துகொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீயும் குட்டையில் நன்னீர் இறால் விடப்போவதாகச் சித்தப்பா சொன்னார். உவர்நீர் இறாலான வனாமி வளர்த்த பழக்கத்தில் குஞ்சை அள்ளிக் கொட்டிவிடாதே. இது சண்டைக்கார ரகம்.

ராத்திரி மச்சான் குட்டையில் டார்ச் அடித்துப் பார். பகலெல்லாம் பதுங்கிக் கிடப்பது பொழுது சாய்ந்ததும் அடிமண்ணைத் துழாவக் கிளம்பும். மீசையால் தடவியே இரையைக் கண்டுபிடிக்கிறது. முன்னால் இருக்கிற சின்ன இடுக்கியால் ஒரு துணுக்கைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நீலநிறப் பெரிய கைகள் இரை பிடிக்கவும், பக்கத்தில் வருபவனை விரட்டவும். பாசி, புழு, பூச்சி, நத்தை, செத்த மீன், தவிடு, எதையும் விடாது. இவ்வளவு தின்கிறதே, தீவனம் போட்டால் போதும் என்றுதான் குஞ்சு விற்றவரும் மச்சானிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில்தான் கோபம்.

போன வாரம் ஒன்று ஓடு கழற்றிவிட்டுத் துவண்டு கிடந்தது. அந்தச் சில மணி நேரம் அதனால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. எட்டும் தூரத்தில் புண்ணாக்கு கிடந்தும், இரண்டு பெரியவை வந்து அதையே உயிரோடு பிய்த்தன. எனக்கு வயிறு கலங்கிவிட்டது மாப்ளே.

அதனால் குஞ்சு விடுமுன்னே பனை மட்டையும் உடைந்த கூரை ஓடும் போட்டு வை. ஓடு கழற்றி மெத்தென்று கிடப்பவை ஒளிய இடம் வேண்டும். நம் ஊரில் மட்டைக்கா பஞ்சம்? சதுர மீட்டருக்கு 4, 5 குஞ்சு போதும். தீவனத்தில் பெரும்பங்கைச் சாயங்காலம் கரையோரம் முழுக்கத் தூவு. ஒரே மூலையில் கொட்டினால் பெரிய கைக்காரன் அதைக் காத்து நிற்பான், சின்னது சின்னதாகவே நின்றுவிடும். ஓடு கழற்றும் சமயத்தில் அவை தின்னாது. தின்றதா என்று பார்க்கத் தண்ணீரில் இறக்கும் தட்டில் (செக் ட்ரே) மிச்சம் கண்டால் அளவைக் குறை, இல்லாவிட்டால் அடியில் அழுகி விடியற்காலையில் தண்ணீரில் காற்று இல்லாமல் மொத்தமும் போய்விடும்.

அப்புறம், குஞ்சு எப்போது இறக்குகிறாய்? மட்டை வெட்ட நான் ஆள் கூட்டி வருகிறேன். தேதியை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
முருகன்