சிவகாமிக்குப் பிறகு பார்த்திபனா?

அன்புள்ள நிலா,

சிவகாமியின் சபதத்தை முடித்த கையோடு பார்த்திபன் கனவை எடுத்தேன், "தண்ணியா இருக்கு மாமா" என்று எழுதியிருந்தாய். கல்கி தன் நாவலுக்கே எழுதிய தொடர்ச்சி இப்படிச் சப்பென்று போகலாமா என்பது உன் வழக்கு. (இரண்டையும் படிக்காத நண்பர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது. கீழே எல்லா முடிச்சுகளும் அவிழப் போகின்றன.)

கதைப்படிதான் அது தொடர்ச்சி. எழுதியது முன்னால். கல்கி பத்திரிகை பிறந்த 1941-லேயே பார்த்திபன் கனவு அதில் தொடராக வரத் தொடங்கிவிட்டது. சிவகாமியின் சபதம் ஆரம்பித்தது 1944-ல். முதல் சரித்திர நாவலை, கை நன்றாகத் தேறிய பிறகு எழுதிய நாலு பாக நாவலுக்குப் பின்னால் வைத்துப் படித்தால் ஒல்லியாகத்தான் தெரியும்.

மர்மமும் உனக்குக் கெட்டுப்போயிருக்கும். மகேந்திர பல்லவர் வஜ்ரபாகுவாக வேஷம் போட்டுத் திரிந்ததைப் பார்த்துவிட்டு வருகிறாய். வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில், சாகக் கிடக்கும் சோழ அரசன் பார்த்திபனிடம் ஒரு சிவனடியார் வந்து வாக்குக் கொடுத்தால், அப்பாவின் வித்தையைப் பிள்ளை மாமல்லர் எடுத்துக்கொண்டார் என்று உடனே பிடித்துவிடுவாய். அந்த நாவலின் பாதி சுவாரசியமே அவர் யார் என்பதில்தான் இருக்கிறது.

வில்லன் விஷயத்தில் மட்டும் நீ படித்த வரிசை லாபம். மண்டையோடு ஏந்தித் திரியும் ஒற்றைக்கைக் கபாலிகன், சிவகாமியின் சபதத்து வில்லனான பிக்ஷு நாகநந்தி இழந்த கையின் கணக்கோடு வருகிறான். பிக்ஷு கபாலிகனாகிவிட்டான்! மகேந்திரவர்மர் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தில் ஒரு கபாலிகனும் ஒரு பௌத்த பிக்ஷுவும் மண்டையோட்டுக்காகச் சண்டை போடுவார்கள். கல்கி இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனாலும் அந்தக் கபாலிகர் அத்தியாயங்கள் இழுவை, அதில் உன் கட்சிதான் நான்.

நீ கவனிக்காமல் தாண்டியது வேறொன்று. சிவகாமியின் சபதத்தில் காஞ்சி முற்றுகையிடப்பட்ட நகரம், நாம் கோட்டைக்குள்ளே இருக்கிறோம். பார்த்திபன் கனவில் அதே காஞ்சி கப்பம் கேட்கிறது. நாம் உறையூரில், கப்பம் கட்ட மறுத்து ஒரு சிறு படையோடு கிளம்பும் அரசனின் வீட்டில் நிற்கிறோம். மகனுக்கு அவன் விட்டுப்போவது, தன் கையால் எழுதி ஒளித்து வைத்த சித்திரங்களை. கல்கி சுதந்திரப் போராட்டத்தில் சிறை போய்வந்தவர். 1941-ல் இதைப் படித்தவர்களுக்குக் கப்பம், சுதந்திரம் என்ற சொற்கள் ஏழாம் நூற்றாண்டோடு நின்றிருக்காது. சிவகாமியோடு அழுதுவிட்டு வருகிற நமக்கோ, வாதாபியை எரித்த மாமல்லர் இங்கே அடக்கியாளும் சக்கரவர்த்தி என்பதே சங்கடமாக இருக்கிறது. எனக்கு அந்தச் சங்கடம் பிடிக்கும்.

பெரிய குறை எது தெரியுமா? இரண்டு மாமல்லர்களும் ஒட்டவில்லை. ஒருவர் முன்கோபி, யோசனையெல்லாம் அப்பா தலையில். இன்னொருவர் நிதானத்தின் உருவம், பகைவன் மகனை நாடு கடத்துவது போலக் கடத்தி ஆளாக்கும் தந்திரசாலி. சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் தன்னை ஒப்புக்கொடுத்ததைப் பார்த்த பிறகு அவர் மாறியிருக்கலாம். அந்த மாற்றம் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. முன்கதையைப் பின்னால் எழுதினால் இப்படித்தான் ஆகும் போல.

ஓடக்காரன் பொன்னனையும் அவன் மனைவி வள்ளியையும் கொஞ்சம் மதித்துப் படி. சிவகாமியின் சபதத்தில் கண்ணபிரானும் கமலியும் கலகலப்புக்கு வருகிறார்கள். இங்கே பொன்னன் இல்லாவிட்டால் கதையே நகராது. ராஜா கதைகளில் ஓடக்காரனுக்கு இவ்வளவு இடம் சுலபத்தில் கிடைப்பதில்லை.

உன் தம்பியும் கேட்கிறான் என்று அம்மா சொன்னாள். அவனுக்குப் பார்த்திபன் கனவை முதலில் கொடு. சிவனடியார் யார் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே.

அன்புடன்,
மாமா