முழங்காலை மடக்கச் சொன்னால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனை ஊழியர்களின் நாள்பட்ட இடுப்புவலி பற்றிய கட்டுரையில், 'முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கித் தூக்குங்கள்' என்ற அறிவுரையோடு மட்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. அது பெட்டி தூக்குகிறவருக்கான பாடம். நோயாளிக்குக் கைப்பிடி கிடையாது. பாதியில் பயந்து நம் கழுத்தைக் கட்டிக்கொள்வார். கட்டிலின் குறுக்கே எட்டிக் குனியும்போது முழங்காலை மடக்கக் கட்டில் சட்டமே விடாது.

பணியிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) நிறுவனம், கையால் தூக்கும் எடைக்குத் தந்த சூத்திரப்படி, எல்லாம் வசதியாக அமைந்தால்கூடப் பொருளின் எடை 23 கிலோவைத் தாண்டக் கூடாது. அதே சூத்திரத்தை நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தபோது கிடைத்த வரம்பு ஏறக்குறைய 16 கிலோதான். அதுவும் நோயாளி ஒத்துழைத்தால். 100 கிலோ உள்ளவரின் ஒரு காலே அந்த எடை இருக்கும். கட்டுப் போட்டு முடியும்வரை அதைத்தான் ஒருவர் தாங்கிப் பிடித்து நிற்கிறார்.

முதுகை அதிகம் பதம் பார்ப்பது, கட்டிலில் கீழே சரிந்தவரை மேலே ஏற்றுகிற வேலை. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது நோயாளியின் தோளுக்கும் கெடுதல். சக்கர பிரேக்கைப் போட்டு, தலைப்பக்கத்தை மட்டமாக இறக்கி, நகர்த்தும் ஊழியர் இருவரில் குட்டையானவரின் இடுப்பு உயரத்துக்குக் கட்டிலை ஏற்ற வேண்டும். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பி, வழுவழுப்பான சறுக்கு விரிப்பை இரண்டு மடிப்பாகத் தோள் முதல் தொடை வரை நுழைக்க வேண்டும். தலை மோதாமலிருக்கத் தலைமாட்டுச் சட்டத்தில் தலையணையைச் சாய்த்துவிட்டு, மேல் மடிப்பை மட்டும் பிடித்து, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நம் எடையை மாற்றினால் ஆள் நகர்ந்துவிடுவார். தூக்கவே கூடாது. முடிந்ததும் விரிப்பை உருவிவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி வழுக்குவார். தலைப்பக்கத்தை உயர்த்துமுன் முழங்கால் பகுதியை உயர்த்துவதும் இதற்காகத்தான். பலர் விடுவது இந்தக் கடைசிப் படியை. அதனால் அதே ஆளை ஒரே ஷிப்டில் நாலைந்து தடவை இழுக்க நேர்கிறது.

கருவி இருந்தும் பயன்படாமல் போவதற்குக் காரணங்கள் அற்பமானவை. விரிப்பு பூட்டிய அலமாரியில். சாவி வேறு ஷிப்டில். நோயாளியைத் தூக்கும் இயந்திரமான ஹாய்ஸ்ட்டின் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதில் நோயாளியைத் தாங்கும் துணித் தொட்டிலான ஸ்லிங் அவர் அளவுக்கு இல்லை. கட்டிலை உயர்த்தும் திருகு துருப்பிடித்துவிட்டது. இவற்றைச் சரிசெய்யாமல் வருடாவருடம் 'சரியாகத் தூக்குவது எப்படி' வகுப்பு நடத்துவதை நிர்வாகங்கள் விடுவதாக இல்லை. அந்த வகுப்பு மட்டும் வலியைக் குறைத்ததற்குச் சான்றும் இல்லை. இடுப்பு பெல்ட்டும் அப்படியே.

வலி வந்தபின் நாட்கணக்கில் படுத்துக்கிடப்பது முதுகை இன்னும் இறுக்கும். முடிந்தவரை நடமாடுவதே நல்லது. ஆனால் வலியோடு சிறுநீர் அடைத்தாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ டியூட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்