வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு ஒரு அறை வேண்டும்: செட்டிநாட்டுச் சங்கங்களுக்குத் திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், வெளியூர்களில் நகரத்தார் விடுதிகளை நடத்தி வரும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் பிறந்தது காரைக்குடி செக்காலையில். பிழைப்பு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, உடம்பு முடியாததால் கொஞ்ச காலமாக ஊரில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். அது தெரிந்ததும் அங்கே படிக்கப் போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, விசா எத்தனை நாளில் வரும், படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்கிறார்கள். போய் இறங்குகிற அன்று ராத்திரி எங்கே படுப்பது, மறுநாள் காலையில் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் உடைந்து போவது இந்த இடத்தில்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அங்குள்ள சட்டப்படி ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பதிவதற்கு, வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். முதல் மாதம் யாரோ ஒருவர் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு யார் கையெழுத்துப் போடுவார்? உள்வாடகைக்கு விட்டவர் பல நேரம் தன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் விட்டிருப்பார். கேட்டால், வேறு இடம் பார்த்துக்கொள் என்பார். பதிவு இல்லையென்றால் பல வங்கிகளில் கணக்குத் தொடங்க முடியாது. அங்கே ஆகும் செலவுக்குக் கையில் பணம் உண்டு என்று விசாவுக்குக் காட்ட, ஒரு தொகையை முன்கூட்டியே கட்டி முடக்கி வைக்க வேண்டும்; கணக்கு இல்லையென்றால் அந்தப் பணம் கைக்கு வராது. 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை ஓராண்டுக்கு 11,904 யூரோ. அதையும் மாதம் 992 யூரோ என்ற கணக்கில்தான் விடுவிப்பார்கள். ஆத்தாவின் நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம் முடங்கிக் கிடக்கும், பிள்ளை ரொட்டியை எண்ணித் தின்னும். வருமான வரி எண்ணும் பதிந்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். அது வரும்வரை கிடைக்கிற பகுதிநேரச் சம்பளத்தில் ஏகத்துக்கு வரி பிடித்துவிட இடமுண்டு.

ஒவ்வொரு விதியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஒன்றுக்கொன்று கோத்துக்கொண்டு நிற்கும்போது, புதிதாகப் போன பிள்ளைக்கு எதை முதலில் இழுப்பது என்று புரிவதில்லை.

தபால் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடுகளில் கதவுக்குத் தனி எண் இருப்பது அபூர்வம். பெட்டியின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். கண்டனூர்ப் பையன் ஒருவனுக்கு வங்கி அட்டையின் ரகசிய எண் வரவே இல்லை. போனில் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தால், அதில் அவன் பெயரே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டு என்றேன். எந்தப் பெயரை எழுதட்டும் என்று கேட்டான். அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. வங்கியில் அவன் பெயரையே இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் அவனுடைய அப்பச்சி பெயரைக் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி ஒட்டச் சொன்னேன். அப்புறம்தான் கடிதம் வந்து சேர்ந்தது. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவனோ அதற்குள் வங்கிக்கு அலைந்து அலைந்து அழும் நிலைக்கு வந்திருந்தான்.

மாணவர் விடுதி கிடைக்காமல் தனி வீடு எடுப்பவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். பல வீடுகளில் அடுப்படியே இருக்காது. அலமாரி, சிங்க், அடுப்பு என்று அத்தனையையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். சுவரில் மூடிய தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின்கம்பியும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் ஊரே சாப்பிடுகிற அளவுக்குச் சமைக்க இடம் இருந்த வீட்டில் வளர்ந்த பெண் ஒருத்தி, அந்த வெறும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு வீடியோவில் காட்டினாள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அடுப்படி உண்டா என்று கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நம் ஊரில் யாராவது அப்படிக் கேட்டிருக்கிறோமா?

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும், டிவியே இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வரும். இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

பழக முடியாதது ஏமாற்று. வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருப்பதால் அதை வைத்தே பிழைக்கிற கூட்டம் இருக்கிறது. இணையத்தில் அழகான படங்களைப் போட்டு, தான் வேறு நாட்டில் இருப்பதாகவும் முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதுவார்கள். தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் விமானம் ஏறும் முன்பே மூன்று மாத வாடகையை அனுப்பிவிட்டான். போய் நின்ற முகவரியில் வேறொரு குடும்பம் குடியிருந்தது. வீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பாதே என்று சொல்ல அவனுக்கு ஓர் ஆள் இல்லை. முன்பணம் என்பது, மற்ற செலவுகள் சேராத வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், அதையும் மூன்று தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு என்றும் அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. அவனுக்கு அதுவும் தெரியாது. அவன் ஆத்தா என் வீட்டு முகப்பில் உட்கார்ந்து அழுதபோது என்னிடம் பதில் இல்லை.

பெரியவர்களே, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நம் ஐயாக்கள் காலத்தில் இப்படியா இருந்தது? ரஜூலா கப்பலில் போய்ச் சிங்கப்பூரில் இறங்கிய பையனுக்கு மார்க்கெட் தெருவில், தங்கித் தொழில் செய்யும் கிட்டங்கி இருந்தது. கீழே பெட்டகமும் கணக்கு மேசையும், மாடியில் படுக்கை, எல்லோருக்கும் பொதுச் சமையல். கடைசிப் படியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனுக்கு, அவனுக்கு மேலிருந்த அடுத்தாள் தொழில் சொல்லிக்கொடுத்தார். எந்தத் துரையிடம் எந்தக் காகிதத்தை நீட்டுவது என்று கடையை நடத்தும் மேலாளுக்குத் தெரியும். கும்பிட 1859-லேயே டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோவில் எழுந்துவிட்டது. இதையெல்லாம் அவர்கள் தருமமாக நினைத்துச் செய்யவில்லை. போன இடத்தில் பையன் தட்டுத் தடுமாறினால் தொழில் நிற்காது என்று தெரிந்து செய்தார்கள். பர்மாவும் மலேயாவும் கைவிட்டுப் போனபோது கடைகளோடு அந்த ஏற்பாடும் போய்விட்டது. பிள்ளைகள் வெளிநாடு போவது மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கு அவர்கள் தனித்தனியாகப் போகிறார்கள்.

எல்லாம்தான் போனில் இருக்கிறதே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போனில் பார்த்த வீடியோ முகவரிப் படிவத்தில் கையெழுத்துப் போடாது. கஷ்டப்பட்டால்தான் பிள்ளைகள் தேறும் என்றும் ஒருவர் சொன்னார். படிப்பிலும் வேலையிலும் கஷ்டப்படட்டும், அது அவர்களுக்கு உதவும். தபால் பெட்டிக்கு முன்னால் நின்று அழுவதில் என்ன தேறப் போகிறார்கள்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விசேஷ நாட்கள் தவிர மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும் சங்கக் கட்டடம் ஒன்றில், காரைக்குடியில், ஓர் அறை கொடுங்கள். சனிக்கிழமை மாலைகளில் அதைத் திறந்து வைப்போம். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் அங்கே உட்காரட்டும். போகப் போகிற பிள்ளைகள் பெற்றோரோடு வந்து, படிவங்களை நிரப்பிப் பார்த்து, ஒப்பந்தங்களைக் காட்டிவிட்டுப் போகட்டும்.

ஜெர்மனியிலும் ஒரு வீடு வேண்டும். நம்மவர்கள் ஓரளவு இருக்கிற நகரம் ஒன்றில், உள்வாடகைக்கு விட வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இரண்டு அறை எடுத்தால், புதிதாக வரும் பிள்ளை முதல் ஒன்றிரண்டு மாதம் சட்டப்படியே முகவரியைப் பதிந்துகொள்ளலாம். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே படிவத்தில் கையெழுத்துப் போடலாம். காசியில் நகரத்தார் சத்திரத்தை நடத்திப் பழகியவர்களுக்கு இது புதிய வேலை இல்லை. செலவுக்கு, அங்கே சம்பாதிக்கிறவர்கள் பொதுக் காரியத்துக்கு எடுத்து வைக்கும் மகமை போல மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கலாம். முதல் மகமை என்னுடையது.

இன்னொன்றையும் மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கிட்டங்கி நம் ஆண்களுக்கு மட்டும் இருந்தது. இந்த அறை அப்படி இருக்கக் கூடாது. இன்று பெண் பிள்ளைகளும் தனியாகப் போகிறார்கள். ஆத்தங்குடியில் தரைக்குப் பூக்கல் வார்க்கிறவர் மகளும், கழனிவாசலில் கடை வைத்திருப்பவர் மகனும் அதே விமானத்தில்தான் ஏறுகிறார்கள். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பர், அதில் யார் படிப்பார், யார் வேலை பார்ப்பார் என்று சாதி பார்த்துக் கொடுக்கவில்லை. எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அந்த அறைக்குள் வர வேண்டும். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் என்னால் இதில் சேர முடியாது.

அங்கே குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. ஆவணி பிறந்தால் பிள்ளைகள் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள். முகவரிப் பதிவுப் படிவத்தையும் வாடகை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய இடங்களையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். சம்மதம் என்றால் ஆடி முடிவதற்குள் சொல்லுங்கள். எந்தக் கட்டடம், சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், வரும் சனிக்கிழமையே வந்து பெருக்கித் திறந்துகொள்கிறோம்.

அன்புடன்,
செக்காலையிலிருந்து உங்கள் வீட்டுப் பிள்ளை