யாழினிக்கு, அந்த டி.ஓ. இடத்தைப் பற்றி

அன்புள்ள யாழினி,

லீகாம் என்ற அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியின் டி.ஓ. பட்டப்படிப்பில் முன்கூட்டியே இடம் ஒதுக்கும் ஒப்பந்தத்தைப் பற்றி நீ அனுப்பிய விதிமுறைகளை அப்பாவும் நானும் வரி வரியாகப் படித்தோம். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி முதல் ஆண்டிலேயே லீகாம் உனக்காக ஒரு மருத்துவ இடத்தை ஒதுக்கி வைக்கிறது என்றால், அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டாம் என்பதற்காக மட்டும் எடுக்காதே. ஏழரை மணி நேரம் போகும் பரீட்சை என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அதைத் தாண்டிப் போனாலும் டி.ஓ. மாணவர்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸ் மூன்று கட்டமாகக் காத்திருக்கிறது. போட்டி அதிகமுள்ள துறைக்கு ஆசைப்பட்டால், எம்.டி. மாணவர்கள் எழுதும் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யையும் சேர்த்து எழுத வேண்டிவரும். பரீட்சைக்குப் பயந்து தேர்ந்தெடுக்கிற வழி இது இல்லை.

அதேபோல, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று இதை விடவும் கூடாது. மதுரைப் பெரியப்பா "எம்.டி. இல்லையா?" என்று கேட்டார். அங்கே எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு படிப்பது. இங்கே டாக்டர் ஆவதற்கான முதல் பட்டமே அதுதான், டி.ஓ. அதற்குச் சமமான இன்னொரு பட்டம். லண்டன் சித்திக்கு வேறு குழப்பம். பிரிட்டனில் ஆஸ்டியோபாத் என்றால் முதுகுவலி, கழுத்துவலிக்குக் கையால் சிகிச்சை தருபவர், டாக்டர் அல்ல. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் டி.ஓ. முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடன் அதிபராக இருந்தபோது அவருக்கு மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ.க்கள்தான். இதைப் பெரியப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஆஸ்டியோபதி மருத்துவத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் பற்றிப் படித்தாயா? படிக்கவில்லை என்றால் கட்டாயம் படி. அவரே டாக்டர். 1864-இல் மூளைக்காய்ச்சலில் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அன்றைக்கு இருந்த மருந்துகளில் பல, நன்மையைவிடக் கெடுதலே அதிகம் செய்தன. வேறு வழி தேடினார். 1874-இல் தன் கொள்கையை அறிவித்து, 1892-இல் மிசௌரியில் கிர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அவர் சொன்னதெல்லாம் இன்றைக்கு நிற்கவில்லை, நிற்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பட்ட பாடு பெரியது. 1962-இல் கலிபோர்னியாவில் 65 டாலர் கட்டினால் டி.ஓ.வை எம்.டி.யாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மாற்றிக்கொண்டார்கள், அங்கிருந்த ஆஸ்டியோபதி கல்லூரியே எம்.டி. கல்லூரியாகிவிட்டது. ராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக எடுத்தது 1966-இல்தான். டி.ஓ., எம்.டி. இரு தரப்பின் ரெசிடென்சியும், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியும், ஒரே அங்கீகாரத்துக்குள் வந்து முடிந்தது 2020-இல். நீ போய்ச் சேருகிற இடத்தை இத்தனை பேர் போராடி உனக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

நான் இத்தனை வருடமாகப் பிசியோதெரபி செய்கிறேன், டி.ஓ.க்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். அவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் ஸ்கேன் படத்தைத் திறப்பதற்கு முன் நோயாளியின் முதுகில் கைவைத்துப் பார்ப்பவர்கள். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தொட்டால் சுருங்குகிறார் என்பதைக் கையாலேயே தெரிந்துகொள்வார்கள். இதற்காக மருத்துவப் படிப்போடு கூடுதலாகச் சுமார் 200 மணி நேரப் பயிற்சி உண்டு. வெளியே வந்த பிறகு பல டி.ஓ.க்கள் அதைத் தொடுவதே இல்லை என்பதும் உண்மை. கையால் செய்யும் எல்லா முறைக்கும் ஒரே அளவு ஆதாரமும் கிடையாது. கீழ்முதுகு வலிக்கு இருக்கிற ஆதாரம், மண்டையோட்டு எலும்புகளை அசைப்பதாகச் சொல்லும் முறைக்கு இல்லை. கற்றுத் தருவதைக் கற்றுக்கொள், கேள்வியும் கேள். ஆனால் அந்த 200 மணி நேரத்தைப் பரீட்சைக்கான பாரமாக மட்டும் நினைப்பாய் என்றால், இந்த வழி உனக்கு ஒத்துவராது.

சரி, இப்போது மூன்று வருடக் கல்லூரி கூட்டல் நான்கு வருட மருத்துவமா, நான்கு கூட்டல் நான்கா என்ற விஷயம். ஏழு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நீ ஆசைப்படுவது தெரிகிறது. அப்பாவும் ஒரு வருடக் கட்டணம் மிச்சம் என்கிறார். நான் எட்டு வருடம் என்றுதான் சொல்வேன். பொதுவாக மூன்றாண்டு வழியில் உன் இளநிலைப் பட்டம் மூன்றாம் வருடத்தோடு கைக்கு வராது. மருத்துவக் கல்லூரியின் முதல் ஆண்டுப் பாடங்களை உன் இளநிலைக் கல்லூரி ஏற்றுக்கொண்ட பிறகுதான் வரும். நடுவில் ஏதாவது ஆகி நின்றுவிட்டால் எந்தப் பட்டமும் இல்லாமல் நிற்பாய். மனசு மாறவும் உரிமை வேண்டும், யாழினி. பதினெட்டு வயதில் போட்ட கையெழுத்து உன்னை இறுக்கக் கூடாது. அதோடு, இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பலவற்றில் வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலே ஒதுக்கிய இடம் போய்விடும். உன்னுடையதில் அது எப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்கு. மதிப்பெண் சராசரி, அதாவது ஜி.பி.ஏ., ஒரு செமஸ்டரில் வரம்புக்குக் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் கேள்.

பணம் பற்றி. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். முன்பு மீதியைச் சமாளிக்க உதவிய கிராட் பிளஸ் கடன் இனிப் புதியவர்களுக்கு இல்லை. பல மருத்துவக் கல்லூரிகளில் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் இந்த வரம்பைத் தாண்டும். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்பது எங்கள் வேலையும்தான். அதனால் எந்த வளாகம், அங்கே வாடகை எவ்வளவு என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு அனுப்பு.

நீ கேட்ட இன்னொன்று, எல்லாத் துறைக்கும் போக முடியுமா என்பது. முடியும். 2024-இல் ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, எம்.டி. மாணவர்களுக்கு 93.5. ஆனால் நரம்பு அறுவை, தோல் மருத்துவம் போன்றவற்றில் டி.ஓ.வுக்கு வழி இன்னும் குறுகல்தான். குடும்ப மருத்துவம், உள்மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது. தோல் மருத்துவர் ஆவதே உன் கனவு என்றால், இந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு எம்கேட் எழுது. நாங்கள் கூட இருப்போம்.

மூன்றாம், நான்காம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி எந்த ஊரில் என்பதையும் விட்டுவிடாதே. பல ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்குச் சொந்தமாகப் பெரிய போதனா மருத்துவமனை கிடையாது, பல ஊர்களில் உள்ள சமூக மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். அங்கே போய் வந்த சீனியர் யாரிடமாவது கேள். எத்தனை நோயாளிகளைத் தானே பார்த்தார், கூட நின்று சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் குளிர்கால விடுமுறையில் ஒரு வாரம் இங்கே வா. என்னோடு வேலை பார்க்கும் டி.ஓ. ஒருவர், உன்னைத் தன்னோடு நிற்க வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு ஆரம்பம். ஷூ நல்லதாகப் போட்டுக்கொண்டு வா, நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். அது முடிந்த பிறகு நீ என்ன முடிவு எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

அன்புடன்,
அம்மா