கொரியாப் பிள்ளைகளின் நத்தார்த் தட்டு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் சுகி,

நான் பதில் போடவில்லை என்று நீ அன்ரியிடம் முறையிட்டது என் காதுக்கும் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மாஸ்டருக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. கரோலுக்கு இந்த முறையும் அவர்தான் ஆர்மோனியம். எந்தச் சுருதியில் தொடங்குவார் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்கள் ஒழுங்கைக்கு அனுப்பிவைத்த கொரியா மிஷனரிப் பிள்ளைகள் தங்கமானவர்கள். ஆனால் நத்தாருக்கு ஒழுங்கை முழுவதையும் வீட்டுக்குக் கூப்பிட அட்டை அடித்துவிட்டார்கள்: 25ஆம் திகதி மாலை 6 மணி முதல் 8 மணி வரை. அதோடு வீட்டுக்கு வீடு கடைக் கேக், பக்கத்தில் ஒரு சுவிசேஷத் துண்டுப்பிரசுரம். கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நீ சொன்னால் கேட்பார்கள்.

அட்டை சின்ன விஷயம். முடிகிற நேரத்தை வெட்டிவிட்டால் சரி. எட்டு மணிக்கு எழும்பிப் போ என்று எழுதிக் கொடுத்தால் நம்முடைய ஆட்கள் ஆறு மணிக்கே வரமாட்டார்கள். காலை ஆராதனை முடிந்ததிலிருந்து கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு வீடு அனுப்புகிற பலகாரத் தட்டுத்தான் பெரிய விஷயம். அவர்கள் ஓடர் கொடுத்திருப்பது பேக்கரி றிச் கேக். அதன் பழங்கள் பிராந்தியில் ஊறியவை என்று மதுவைத் தொடாத அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது. முஸ்லிம் வீடுகளுக்கு அது ஆகாது. ஜெலற்றின் போட்ட இனிப்பும் அப்படியே. எதிர்வீட்டு அம்மா பிள்ளையார் பெருங்கதை விரதம், அது முடிய திருவெம்பாவை. மார்கழியில் முட்டை போட்ட கேக்கைக் கொடுத்தால் முகத்துக்காக வாங்கி வேலைக்காரப் பிள்ளைக்குக் கொடுப்பா, அவ்வளவுதான்.

கேக்கே வேண்டாம், உங்கள் ஊர்ப் பலகாரத்தைக் கொடுங்கள் என்று நீ எழுது. வீடு மாறினால் அக்கம்பக்கத்துக்குச் சிருத்தொக் அவித்துக் கொடுப்பது அவர்கள் நாட்டு வழக்கம். அரிசிமாவும் சிவப்புப் பயறும் அடுக்கி நீராவியில் அவிப்பது. முட்டை இல்லை, கொழுப்பு இல்லை, மது இல்லை. ஒழுங்கையில் ஒரு வீடும் தள்ளாது.

இங்கே செய்யும்போது பிழைவிடக்கூடிய இடங்களையும் சொல்லிவிடு. கடையில் வாங்கும் இடியப்ப மா சரிவராது. வறுத்த மா ஒட்டாமல் உதிர்ந்துபோகும். ஒரு கிலோ வெள்ளைப் பச்சையரிசியை ஆறேழு மணித்தியாலம் ஊறவைத்து, அரை மணித்தியாலம் நீர் வடியவிட்டு, ஈரமாகவே மில்லில் திரிக்க வேண்டும். மிளகாய் திரித்த மெஷினில் போடாமல் பார்த்து நிற்கவும் வேண்டும், இல்லாவிட்டால் பலகாரம் கறியாகிவிடும். ஈரமாவுக்குக் கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. பதம் ஏறக்குறைய நம்முடைய பிட்டுப் பதம்தான்: கையில் இறுக்கிப் பிடித்து, உள்ளங்கையில் இரண்டு மூன்று தரம் மெதுவாகத் தூக்கிப் போட்டால் உடையக்கூடாது. உடைந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி அரிக்க வேண்டும். சீனி நூறு கிராம், அதுவும் அடுப்பில் ஏற்றுகிற நேரத்தில்தான். முன்னதாகக் கலந்தால் மா கசிந்து கட்டிபடும். அவர்களுடைய பயறு கிடைக்காவிட்டால் சிவப்புக் கௌப்பி அரைக் கிலோ. முதல் கொதித் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, குழையாமல் அவித்து, ஈரம் போகச் சட்டியில் பிரட்டி, உப்புப் போட்டு அரைகுறையாக மசிக்க வேண்டும். துணி விரித்து, கௌப்பி, மா, கௌப்பி என்று அடுக்கி, மூடியைத் துணியால் சுற்றி, ஆவி கிளம்பியபின் அரை மணித்தியாலம். மூடியில் துணி இல்லாவிட்டால் ஆவித்தண்ணீர் சொட்டி நடுப்பகுதி களியாகும்.

விடிய அவித்து மத்தியானத்துக்கு முன் கொடுத்து முடிக்க வேண்டும். கொழும்புப் புழுக்கத்தில் கௌப்பி புளித்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் மா கல்லாகும். விடியற்சாம ஜெபத்துக்கு எழும்புகிற பிள்ளைகளுக்கு இது கஷ்டமில்லை.

இனித் துண்டுப்பிரசுரம். சுகி, இதை நீ கடுமையாகவே எழுத வேண்டும். தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம், தைப்பொங்கலுக்குப் பொங்கல், நத்தாருக்கு நம்முடைய தட்டு. அதில் ஒரு பிரசுரத்தை வைத்தால் வாங்குகிறவர் அதை எறியவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. அடுத்த பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து தட்டு வராது. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாளிலிருந்து, உதவிக்குப் பின்னால் வலை இருக்கிறதா என்று எத்தனை பேர் நம்மைப் பார்த்தார்கள்! 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த நோன்புப் பெருநாளில் மூலைவீட்டு முஸ்லிம்காரர் தட்டோடு நம்முடைய படலையடியில் நின்றபோது அவருக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டிருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த உறவுக்கு மேலே காகிதம் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

விசுவாசத்தை மறைக்கச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சொல்லட்டும், கேட்கும்வரை தமிழ் படிக்கட்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர் தமிழ் படித்து, வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, தமிழில் வைத்திய நூல்களும் ஆக்கினார். மானிப்பாயில் அவர் பேர் இன்றும் நிற்கிறது. அவர் கதையை இவர்களுக்கு நீயே சொல், உன் வாயால் கேட்டால் ஏறும்.

இந்தக் கிழமைக்குள் எழுது. பிரசுரம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மட்டக்களப்பில் நல்ல சிவப்புக் கௌப்பி கிடைத்தால் இரண்டு கிலோ பாஸ்ரர் வரும்போது கொடுத்தனுப்பு. இங்கே விற்பது பாதி வண்டு.

அன்புடன்,
உன் ரதி