வில்லியம் பி. வில்சனை முழுசாகச் சொல்லுங்கள்

அமெரிக்கத் தொழிலாளர் துறையில் பணியாற்றும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் துறையின் முதல் செயலாளர், அதாவது அமைச்சர், வில்சன் ஒன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். 1862-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, எட்டு வயதில் பென்சில்வேனியாவின் ஆர்னட் என்ற ஊருக்கு வந்தார். சங்கம் கட்டினார் என்பதற்காக முதலாளிகள் அவர் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டு, வேலையே கிடைக்காமல் செய்தார்கள். 1899-இல் ஆர்னட்டில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர் தலைவி மதர் ஜோன்ஸ் சொன்னபடி அங்கிருந்த பெண்கள் துடைப்பமும் தகரப் பாத்திரமுமாகச் சுரங்க வாசலுக்குப் போய்த் தட்டிய தட்டில் கரி இழுக்கும் கோவேறு கழுதைகள் மிரண்டு ஓடின. அந்த ஊர்க்காரர் 1913-இல் அமைச்சரவையில் உட்கார்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது.

ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

1917 ஜூலை 12 அன்று அரிசோனாவின் பிஸ்பீயில், வேலைநிறுத்தம் செய்த செப்புச் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களை ஆதரித்தவர்களுமாகச் சுமார் 1,200 பேரைத் துப்பாக்கி முனையில் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வில்சன் தலைமையிலான ஆணையம் நேரில் போய் விசாரித்தது, இது முழுக்கச் சட்டவிரோதம் என்று தெளிவாக எழுதியது. சரி, இதே மனிதர் இரண்டரை வருஷம் கழித்து என்ன செய்தார்? அப்போது குடியேற்றப் பணியகம் உங்கள் துறையிடம்தான் இருந்தது. 1919 டிசம்பரில் 249 வெளிநாட்டவரை நாடுகடத்திய பியூஃபோர்ட் கப்பல் உங்கள் துறையின் உத்தரவில்தான் புறப்பட்டது. அடுத்த மாதமே, கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தாலே வெளிநாட்டவரை நாடுகடத்தலாம் என்று வில்சன் தீர்ப்பு எழுதினார். ஆள் என்ன செய்தான் என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை, உறுப்பினர் என்பதே போதும் என்றாகிவிட்டது. கறுப்புப் பட்டியலில் அடிபட்ட ஒருவர் இதை எழுதினார் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அந்த வசந்தத்தில் வில்சன் இல்லாதபோது பொறுப்பில் இருந்த உதவிச் செயலாளர் லூயிஸ் போஸ்ட், எழுபது வயதைத் தாண்டியவர், ஒவ்வொரு கோப்பாகத் தானே படித்து வெளிநாட்டவர் மீதிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைது உத்தரவுகளை ரத்து செய்தார். அதற்காக அவரைப் பதவியிலிருந்து தூக்கப் பார்த்தார்கள். நாடாளுமன்றக் குழு முன் நின்று பதில் சொன்னார், தூக்க முடியவில்லை. அதே 1920 மே மாதத்தில், கம்யூனிஸ்ட் லேபர் கட்சி என்ற வேறொரு கட்சி விஷயத்தில் உறுப்பினர் என்பது மட்டும் போதாது என்று வில்சனே முடிவு சொன்னார்.

எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் துறையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர் கையில் பிஸ்பீ அறிக்கையையும் 1920 ஜனவரித் தீர்ப்பையும் ஒரே கோப்பில் வைத்துப் படிக்கக் கொடுங்கள்.

அன்புடன்,
தொழிலாளர் வரலாறு படிக்கும் ஒருவன்