‘ரோபோ இருக்கா?’ என்று கேட்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய செய்திகளும் விளம்பரங்களும் இப்போதெல்லாம் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன: வெள்ளை உறை போட்ட ஓர் இயந்திரக் கை. முட்டி வலியோடு வருகிறவர்களின் முதல் கேள்வியும் ‘ரோபோ இருக்கா?’ என்பதாகிவிட்டது. எலும்பு, மூட்டு, முதுகெலும்பு சிகிச்சை உண்மையிலேயே வெகுதூரம் வந்திருக்கிறது. ஆனால் நோயாளிக்கு அதிகப் பலன் தந்த மாற்றங்களில் பல படம் பிடிக்க வராதவை. அவற்றுக்கும் உங்கள் பக்கங்களில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

ரோபோ தானாக எதையும் அறுப்பதில்லை. சில வகைகளில் முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து எலும்பின் முப்பரிமாண உருவத்தைத் தயாரிப்பார்கள். மற்றவற்றில் மூட்டைத் திறந்த பிறகு ஒரு கருவியின் முனையை எலும்பின்மேல் நகர்த்தி அங்கேயே உருவத்தை எடுப்பார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் உலோக ஊசிகளைத் திருகி, அவற்றின்மேல் அடையாளக் குமிழ்களை மாட்டுவார்கள். கேமரா அந்தக் குமிழ்களைப் பார்த்து, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நொடிக்கு நொடி கணக்கிடும். பெரும்பாலான வகைகளில் ரம்பத்தைப் பிடித்திருப்பது மருத்துவரின் கைதான். திட்டமிட்ட எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இயந்திரத்தின் வேலை.

முழங்காலில் இரண்டு எலும்புகளின் முனையிலிருந்தும் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனுக்குத்தான் சீவி எடுக்கிறோம். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர், கோணத்தில் ஓரிரு டிகிரி என்று பிசகைக் குறைப்பதில் ரோபோ கெட்டிக்காரன். முழங்காலின் உட்பக்கத்தையோ வெளிப்பக்கத்தையோ மட்டும் மாற்றும்போதும், பழைய முறிவால் தொடை எலும்பு வளைந்திருக்கும்போதும், உள்ளே ஏற்கெனவே ராடு இருந்து வழக்கமான வழிகாட்டிக் கம்பியை நுழைக்க முடியாதபோதும் அதன் அருமை தெரியும். மற்றபடி வலி, நடை, திருப்தி ஆகியவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளில், கைதேர்ந்த மருத்துவர் வழக்கமான கருவிகளால் செய்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஊசி துளைத்த இடத்தில் எலும்பு முறிவது அபூர்வம்தான், ஆனால் நடக்காத ஒன்றல்ல.

மூட்டு சீக்கிரமே தளர்ந்துபோவதற்கான காரணங்களில் ஒன்று எந்த விளம்பரத்திலும் வராது. அது எலும்பு சிமெண்ட் பூசும் பத்து நிமிடம். சிமெண்ட் ஒரு கோந்து அல்ல. 40 கிராம் பொடியையும் 20 மில்லிலிட்டர் திரவத்தையும் கலந்தால் முதலில் கஞ்சிபோல் ஓடும். பிறகு கையுறையில் ஒட்டும். பிறகு ஒட்டாத மாவுப் பதத்துக்கு வரும். கடைசியில் சூடாகிக் கல்லாகும். அறுவை அரங்கில் வெப்பம் கூடினால் இது இன்னும் சீக்கிரம் நடந்துவிடும். எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து பூட்டுப்போட்டதுபோல் பற்றிக்கொள்வதால்தான் அது நிற்கிறது. துளைகளில் இரத்தமும் மஜ்ஜைக் கொழுப்பும் இருந்தால் புகாது. ஆகவே தண்ணீரை விசையோடு பீய்ச்சிக் கழுவ வேண்டும்; துடைத்து உலர்த்த வேண்டும்; பிசுபிசுப்பு போவதற்குள், கீழ்க்கால் எலும்பின்மேல் பொருத்தும் உலோகத் தட்டின் அடியிலும் எலும்பின்மேலும் பூச வேண்டும். இறுகும்வரை காலை அசைக்கக் கூடாது. ‘எப்படி மடங்குகிறது, பார்ப்போம்’ என்று நடுவில் மடக்கினால் தட்டின் அடியில் கொழுப்பு கசிந்து பிடிப்பு விட்டுப்போகும். அது வெளியே தெரிய சில ஆண்டுகள் ஆகலாம். கோணத்தை ரோபோ பார்த்துக்கொள்ளும். இந்தப் பத்து நிமிடத்தை அது பார்த்துக்கொள்ளாது.

மூட்டின் ஆயுளைக் கூட்டியதில், உலோகம் உரசி அசைவதற்காக உள்ளே வைக்கும் பிளாஸ்டிக்கின் பங்கு பெரிது. இடுப்பு மூட்டு மாற்றின் முன்னோடியான ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். அவை விரைவிலேயே தேய்ந்தன. தேய்ந்த தூளைச் சுற்றித் திசுக்கள் அழற்சி கண்டன. 1962-இல் அடர்ந்த பாலிஎத்திலீனுக்கு மாறினார். 1990-களின் பிற்பகுதியில் கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் வந்ததும், குறிப்பாக இடுப்பு மூட்டில், தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுகளின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடும் இடுப்பு மாற்றுகளில் சுமார் 58 விழுக்காடும் 25 ஆண்டு நிலைத்திருந்தன. இது கால் நூற்றாண்டுக்கு முன் பொருத்திய மூட்டுகளின் கணக்கு. ‘பத்து வருஷந்தான் வரும்’ என்ற பேச்சை இனி விட்டுவிடலாம்.

அடுத்த மாற்றம் டிரானெக்ஸாமிக் அமிலம். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் கண்டறிந்து 1962-இல் வெளியிட்ட மருந்து. மூட்டு அறுவையில் இது வழக்கமானது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். கீறலுக்கு முன் ஊசியாகப் போட்டால் இரத்தக் கசிவு குறைகிறது. முன்பு பாட்டில் பாட்டிலாக இரத்தம் ஏற்றிய இடத்தில் இன்று பலருக்கு ஒன்றுகூடத் தேவைப்படுவதில்லை. வலி நரம்பை மட்டும் மரக்கச் செய்து, தொடைத் தசையின் பலத்தைக் குறைக்காத ஊசிகளும் சேர்ந்துகொண்டன. அன்றைக்கே எழுந்து நிற்பதும் மறுநாள் நடப்பதும் இப்படித்தான் சாத்தியமாயின.

இனி, எல்லோரும் அஞ்ச வேண்டிய கிருமித் தொற்று. நல்ல மையங்களில்கூட நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. உலோகத்தின்மேல் கிருமிகள் வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆன்டிபயாட்டிக் அங்கே சரியாக எட்டாது. சில வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் திறந்து சுத்தம் செய்து, பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். தாமதமானால் பெரும்பாலும் மொத்த மூட்டையும் எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமெண்ட் கட்டையைச் சில வாரங்கள் வைத்திருந்து, பிறகுதான் புது மூட்டு. தடுக்கும் வேலை எளிது. இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எட்டுக்கு மேல் இருந்தால் தேதியைத் தள்ளிப்போட வேண்டும். சொத்தைப் பல், சீழ் வைத்த கால் புண், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். புகையை நிறுத்த வேண்டும். செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போக வேண்டும். காலில் இரத்தத்தை நிறுத்தும் பட்டையை இறுக்கிய பிறகு போட்டால் மருந்து முழங்காலுக்குப் போகாது. வீட்டுக்குப் போன பிறகு காயத்திலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தால், மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக் காத்திருப்பதைப் போலத் தப்பு வேறில்லை. அறுவை செய்தவரிடமே உடனே காட்ட வேண்டும்.

வீட்டில் நடக்கும் இன்னொரு தவறு அன்பினால் நடப்பது. முட்டிக்கு அடியில் தலையணை. படுத்திருப்பவருக்கு அது இதமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டு லேசாக மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். பத்து டிகிரி நிமிராமல் நின்றாலும் நொண்டல் மாறாது, தொடைத் தசை சீக்கிரம் களைக்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் தொங்கி, தன் எடையாலேயே நிமிரும். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடங்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே.

எல்லா வலிக்கும் கத்தி பதில் ஆகாது என்று கண்டுகொண்டதும் முன்னேற்றம்தான். தேய்ந்த முழங்காலுக்குள் சிறு துளை வழியாகக் கேமராக் குழாயை விட்டுக் கழுவும் சிகிச்சையை, வெறும் கீறல் மட்டும் போட்ட போலி அறுவையோடு ஒப்பிட்ட ஆய்வு 2002-இல் வந்தது. இரண்டு தரப்பிலும் வலி ஒரே அளவில்தான் இருந்தது. நடுத்தர வயதில் தேய்மானத்தால் கிழிந்த ஜவ்வை வெட்டி எடுப்பதைப் பற்றி 2013-இல் வந்த ஃபின்லாந்து ஆய்வும் அப்படியே முடிந்தது. மூட்டு பூட்டிக்கொள்பவர்களின் கதை வேறு.

முதுகெலும்பில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. எந்த வலியும் இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு கணக்கில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. எனவே எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பிதுக்கம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கலங்க வேண்டாம். ஸ்கேன் காட்டும் நரம்பும் காலில் வலி ஓடும் பாதையும் பொருந்த வேண்டும். பொருந்தினாலும் பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணியும். தணியாதபோது சிறு கீறல் வழியாக எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கலாம். தசையை அதிகம் பிரிக்க வேண்டாம் என்பதே அதன் லாபம். இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ போட்டு இணைப்பது தனி முடிவு. நரம்புப் பாதை குறுகியவர்களுக்கு, நெருக்கத்தை நீக்குவதோடு இணைப்பையும் சேர்த்துச் செய்வதால் கூடுதல் பலன் இல்லை என்று 2016-இல் ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது. எலும்புகள் நிலையற்று நழுவுபவர்களுக்கு அது தேவைப்படலாம். ‘எனக்கு ஏன் ஸ்க்ரூ?’ என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது. இவற்றில் முதல் இரண்டில் எது வந்தாலும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழுந்திய நரம்புக் கற்றை விடுபட நாள் கடந்தால், அறுவை எவ்வளவு நுட்பமாக நடந்தாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். முதியவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் அறுவை நடப்பதே நல்லது. முறிவைச் சரிசெய்த பிறகு எலும்பு அடர்த்திக்கு மருந்து தொடங்காமல் அனுப்பிவிட்டால், அடுத்த முறிவுக்கு நாமே வழிவிட்டவர்கள் ஆவோம்.

கடைசியாக, பத்திரிகைகளால் ஆகக்கூடிய ஒன்று. ஸ்வீடனில் 1975 முதல் முழங்கால் மாற்றுகளையும் 1979 முதல் இடுப்பு மாற்றுகளையும் நாடு முழுவதுக்குமாகப் பதிவு செய்கிறார்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு ஒன்று 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, முதலில் எச்சரித்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவின் பதிவேடு. அந்த மூட்டும் ‘நவீனம்’ என்ற பெயரில்தான் வந்தது. புதிய மூட்டைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, ‘பத்தாண்டுக் கணக்கு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?’ என்று உங்கள் நிருபர்கள் கேட்கட்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பொருத்திய ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் தயாரிப்பாளர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அது நோயாளியின் கோப்பில் ஒட்டப்படும். வீடு திரும்பும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 15 ஆண்டு கழித்துத் தேய்ந்த பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற நேர்ந்தால், அதே வகையின் அதே அளவுதான் அந்தத் தட்டில் பொருந்தும். அந்தத் தாள் இல்லாதபோது, உள்ளே இருப்பது எது என்று எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை மருத்துவர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் சிலர்